காசு கொடுத்து வாங்கிய காரில் யார் போட்ட பூட்டு?



போன பதிவில் கெடிலம் ஆற்று மணல் பற்றி எழுதியதற்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்தேன். பதில் போடாதவர்கள் கோபிக்க வேண்டாம், கண் சிகிச்சைக்குப் பிறகு செல்போனை அதிக நேரம் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தப் பதிவையும் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினேன். நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

விஷயம் என் கார் பற்றியது. ஓய்வு பெற்ற பணத்தில் பாதி மகள் கல்யாணத்துக்குப் போக, மீதியில் ஒரு பகுதிக்கு வாங்கிய பழைய கார். செகண்ட் ஹேண்ட். ஐரோப்பியக் கம்பெனி, பெயர் வேண்டாம். அந்த மாடலில் மூன்று ரகம் உண்டு. என்னுடையது நடு ரகம். மேல் ரகத்துக்கும் இதற்கும் ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்று அப்போது சொன்னார்கள். எனக்கு நடுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

பலா சீசனில் பெங்களூரிலிருந்து ஒரு மாணவன் குடும்பத்தோடு வந்திருந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. (2003-ல் பிளஸ் டூ முடித்த செட், இயற்பியல் செய்முறையில் மின்கலத்தைத் தலைகீழாக மாட்டிக் கால்வனாமீட்டர் ஊசியை வளைத்தவன். இவ்வளவு சொன்னால் அந்த செட்டுக்காரர்களுக்கு ஆள் தெரிந்துவிடும்.) மென்பொருள் வேலை. பணிக்கன்குப்பத்தில் சாலையோரம் நிறுத்திப் பழம் பார்த்துத் தட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். திண்ணையில் அம்மாக்கள் சுளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவன் என் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"சார், இந்த வண்டியில இருக்கிறது பாதி உங்களுக்கே தெரியாது, திறந்து காட்டட்டுமா?" என்றான்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு நீலப் பெட்டி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் ஒரு துளைவாய் இருக்கிறது, இத்தனை வருடம் ஓட்டியும் நான் குனிந்து பார்த்ததில்லை. அதில் செருகினான். செல்போனோடு இணைத்தான். கால் மணி நேரம். பிறகு சாவியை என் கையில் கொடுத்து, "திறக்கிற பட்டனை விடாம அழுத்துங்க சார்" என்றான். அழுத்தினேன். நாலு கண்ணாடியும் தானாகக் கீழே இறங்கின. சித்திரை வெயிலில் நின்ற வண்டிக்குள்ளிருந்து அடுப்புச் சூடு வெளியே வந்தது. மனைவி சுளை எடுத்த எண்ணெய்க் கையோடு ஓடி வந்து பார்த்தார்.

அத்தோடு நிற்கவில்லை. வளைவில் திரும்பும்போது அந்தப் பக்கத்துப் பனிவிளக்கு மட்டும் எரியும்படி செய்தான். சாவி போட்டதும் மீட்டர் ஊசிகள் ஒரு முறை கடைசி வரை போய் வரும்படி செய்தான். அது வெறும் வேடிக்கை. கடைசியாகச் செய்ததுதான் என்னை உட்கார வைத்தது. டயரில் காற்று இறங்கினால் எச்சரிக்கும் வசதி. மேல் ரகத்தில் மட்டும்தான் உண்டு என்று விற்பனை நிலையத்தில் சொன்னது. என் வண்டியிலேயே இருந்திருக்கிறது, தூங்கிக்கொண்டு.

எப்படி என்று அவனிடம் கேட்டேன். அவன் சொன்னதையும், பிறகு நானாகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இயற்பியல் வாத்தியாருக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது.

இன்றைய காரில் பிரேக், கதவு, விளக்கு, என்ஜின், மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணினி இருக்கிறது. இவை எல்லாம் முறுக்கிய இரண்டு கம்பிகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அதற்கு 'கேன்' என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட முறை. முன்பெல்லாம் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பி என்று ஓடும். இப்போது ஒரே கம்பியில் எல்லோரும் பேச, தனக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றும் காதில் போட்டுக்கொள்கிறது. ஆசிரியர் ஓய்வறை மாதிரிதான். அந்தப் பேச்சை வெளியிலிருந்து கேட்க ஒரு வாசல்தான் அந்த 16 ஊசித் துளைவாய், ஓ.பி.டி. என்பார்கள். புகை மாசைக் கண்காணிக்க அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில் வந்தது.

டயர் விஷயம் இன்னும் அழகு. என் வண்டி டயருக்குள் எந்தக் கருவியும் இல்லை. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரமும் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணும் சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. காற்று இறங்கிய டயரின் ஆரம் கொஞ்சம் குறையும். ஆரம் குறைந்தால் சுற்றளவு குறையும். அதே தூரத்தைக் கடக்க அது மற்ற மூன்றைவிட அதிகமாகச் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் போதும். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் போட்ட அதே இரண்டு பை ஆர்! வாழ்க்கையில் இது எங்கே சார் உதவும் என்று கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் கை தூக்கவும்.

ஆக, சென்சார் இருக்கிறது, கணினி இருக்கிறது, கணக்குப் போடும் நிரலும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: எங்கோ ஓரிடத்தில் பூஜ்யம் என்று எழுதியிருப்பதை ஒன்று என்று மாற்ற வேண்டும். மூன்று ரகத்துக்கும் மூன்று விதமாகக் கம்பி இழுத்து, மூன்று விதமான பெட்டி செய்வதைவிட எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி போட்டுவிட்டு, சிலவற்றை மூடி வைப்பது கம்பெனிக்கு மலிவு. அது வியாபாரம், புரிகிறது.

ஆனால் எனக்கு அன்று திண்ணையில் உட்கார்ந்து பார்த்தபோது தோன்றியதை மறைக்கவில்லை. நம் ஊரில் பலாப்பழம் வாங்குகிறோம். முழுப் பழத்துக்கும் பேரம் பேசிக் காசு கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்து அறுத்தால் சுளைகளில் பாதி வலை போட்டுக் கட்டியிருக்கிறது. 'இவை மேல் ரகப் பழம் வாங்கியவர்களுக்கு மட்டும்' என்று சீட்டு. எந்தப் பண்ருட்டிக்காரன் சும்மா இருப்பான்?

இது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2022-ல் தென்கொரியாவில், காரில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் இருக்கைச் சூடேற்றியைப் பயன்படுத்த மாதம் சுமார் 18 டாலர் என்று வாடகை வைத்தது. உலகமே சிரித்தது. மறு வருடம் அந்த வாடகையைக் கைவிடுவதாக அவர்களே சொன்னார்கள். மெர்சிடிஸ் அமெரிக்காவில், தன் மின்சார கார்கள் இன்னும் வேகமாகப் பாய வருடத்துக்கு 1,200 டாலர் என்று அறிவித்தது. மோட்டார் அதேதான், கடிவாளம் மட்டும் தளரும். டெஸ்லா கதை இன்னும் யோசிக்க வைப்பது. 2017-ல் ஃபுளோரிடாவில் இர்மா புயல் வந்தபோது, பேட்டரியின் ஒரு பகுதி மென்பொருளால் பூட்டப்பட்ட கார்களை அந்தக் கம்பெனி எங்கோ இருந்தபடியே தற்காலிகமாகத் திறந்துவிட்டது, மக்கள் தப்பித்து ஓட இன்னும் கொஞ்சம் தூரம் கிடைக்கட்டும் என்று. நல்ல காரியம்தான். தானே புயலைப் பார்த்த நமக்கு அதன் அருமை தெரியும். ஆனால் புயல் முடிந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளலாம் என்பதும் அதே செய்தியில் இருக்கிறதே.

வெளிநாடு எதற்கு? கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 15-ல் இரண்டு ரகம் அறிவித்தார்கள். எஸ்-1 விலை 99,999, எஸ்-1 ப்ரோ 1,29,999. சில மாதம் கழித்து, எஸ்-1 பதிவு செய்தவர்களுக்கும் ப்ரோவின் உடம்பையே தருகிறோம், கூடுதல் தூரமும் வேகமும் வேண்டுமானால் பணம் கட்டி மென்பொருள் மூலம் திறந்துகொள்ளலாம் என்றார்கள். அதாவது பெரிய பேட்டரியைச் சுமந்துகொண்டே சின்ன பேட்டரியின் தூரம் போவது. நம் தமிழ்நாட்டு மண்ணில் செய்த வண்டியிலேயே வந்துவிட்டது.

என் மாப்பிள்ளை கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறார். மகளோடு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"மாமா, பழத்தை எடை போட்டு விக்கிறாங்க. கார் அப்படி இல்லை. அந்த நிரலை எழுத நூறு பேர் ரெண்டு வருஷம் உட்கார்ந்திருக்காங்க. மேல் ரகம் வாங்குறவர் கொடுக்கிற ஒன்றரை லட்சத்துலதான் அவங்க சம்பளம். உங்களுக்கு நடு ரகம் கம்மி விலையில கிடைச்சதே அதனாலதான். எல்லாரும் திறந்துக்கிட்டா, அடுத்த மாடல்ல எல்லாருக்கும் ஒரே விலை வரும். அது மேல் விலையா இருக்கும்."

நியாயமான வாதம். இரண்டு நாள் இதை மென்றேன். அவர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மேல் ரகத்தின் அழகு, ஆடம்பரம், ஊசி ஆட்டம் இவற்றுக்கு எத்தனை வேண்டுமானாலும் விலை வைக்கட்டும். பூட்டுப் போடவும் உரிமை இருக்கலாம். ஆனால் விற்ற பிறகு, என் வீட்டு வாசலில், என் பெயரில் பதிவுப் புத்தகம் உள்ள வண்டியில், அந்தப் பூட்டை நானே திறந்தால் திருடன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. விற்பது என்றால் விற்பது. வாடகைக்கு விடுவதானால் வாடகை என்று சொல்லி விடட்டும். டயரில் காற்று இல்லை என்று சொல்லும் எச்சரிக்கையை, பொருள் செலவு எதுவும் இல்லாமல் கொடுக்க முடிந்த ஒன்றை, நடு ரகக்காரன் உயிருக்கு மட்டும் மூடி வைப்பதை என்னால் எந்தக் கணக்கிலும் ஏற்க முடியவில்லை. மாப்பிள்ளையும் அந்த ஒன்றில் மட்டும் பேசாமல் இருந்தார்.

இதோடு முடித்திருந்தால் பெருமையான பதிவாகப் போயிருக்கும். இனிமேல்தான் என் தவறு வருகிறது.

அன்று நீலப் பெட்டியைக் கழற்றும் முன் அவன் கேட்டான்: "சார், அந்த 80 பீப்பையும் எடுத்துடவா?"

கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் எல்லாக் கார்களிலும் வேக எச்சரிக்கை கட்டாயம். 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். அதே உத்தரவில்தான் ஓட்டுநருக்கான காற்றுப்பை, சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்னால் நிறுத்துவதற்கான சென்சார் எல்லாம் கட்டாயமாயின. அந்த பீப் எரிச்சலான சத்தம். திண்டிவனம் தாண்டி நல்ல சாலையில் போகும்போது பழைய பாட்டு ஒன்று ரசித்துக் கேட்கவிடாது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துடுப்பா" என்றேன். நானே சொன்னேன், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதினைந்து நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனோம். நானும் மனைவியும் மட்டும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி நாலு வழிச்சாலை. வழக்கமாக அரை மணிக்கொரு தரம் "ஏங்க, மெதுவா போங்க" என்று சொல்லும் மனைவி அன்று ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு நிம்மதி. மேல்மருவத்தூரில் காபிக்கு நிறுத்தியபோது, "இன்னிக்கு நல்லா நிதானமா ஓட்டுனீங்க, சத்தமே வரலை" என்றார்.

நான் 105-ல் வந்திருந்தேன்.

அவருக்கு மீட்டர் தெரியாது. இடப்பக்க இருக்கையிலிருந்து அந்த ஊசி தெரியாது, கண்ணாடி போட்டாலும் தெரியாது. அந்த பீப்தான் அவருடைய மீட்டர். அவர் சொல்லும் ஒவ்வொரு 'மெதுவா போங்க'வும் பீப் கேட்ட பிறகு சொன்னது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் என் காரில் என் காதுக்கு எரிச்சலான ஒன்றை நிறுத்தினேன் என்று நினைத்தேன். நிறுத்தியது அவருடையதை. அவரைக் கேட்காமல். காபி இறங்கவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "பசங்ககிட்ட நாப்பது வருஷம் என்ன சொல்லிக் கொடுத்தீங்க" என்று மட்டும் கேட்டார். மீதி வழி 75-ல் போனோம். முகூர்த்தத்தைத் தவறவிட்டு, சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

உறவினர்களில் சிலர் சீட் பெல்ட் சத்தத்தையும் இப்படியே எடுத்திருப்பது எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், நீங்களே உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு அதற்கு ஒரு கிளிப் விற்றார்கள், பெல்ட் மாட்டாமலே மாட்டியது போல ஏமாற்ற. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று செய்தி வந்தது. அதன் பிறகுதான் அரசு விழித்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, இத்தகைய கிளிப் விளம்பரங்கள் 13,118-ஐ நீக்க வைத்தது. பதின்மூன்றாயிரம்! கிளிப்பைத் தடுத்துவிடலாம். நீலப் பெட்டிக்குள் ஒன்றைப் பூஜ்யமாக மாற்றுவதை யார் தடுப்பது?

ஆகவே திறப்பதில் எனக்கு இப்போது ஒரு கோடு இருக்கிறது. கண்ணாடி இறங்குவது, விளக்கு எரிவது, டயர் எச்சரிக்கை, இதெல்லாம் என் வண்டி, என் இஷ்டம். வேக எச்சரிக்கை, பெல்ட் எச்சரிக்கை, காற்றுப்பை, பிரேக், புகையைக் கட்டுப்படுத்தும் பகுதி, இவை என் பணத்தில் வாங்கியவைதான், ஆனால் எனக்கு மட்டும் உரியவை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும், எதிரே சைக்கிளில் முந்திரி மூட்டை கட்டி வருகிறவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஓட்டும்போது படம் பார்க்கத் திரையைத் திறந்து தரச் சொல்கிறார்களாம். கேட்பவரும் செய்பவரும் என் மாணவராக இருந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம்.

என்ஜின் சக்தியைக் கூட்டும் வேலையும் இதே கணக்குதான். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று வந்தது. கண்ணாடி இறங்குவதற்கு யாரும் பிடிக்க மாட்டார்கள். மற்றவற்றுக்கு, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் தம்பி மகன் இதைப் பார்த்து ஆசைப்பட்டு, மலிவாக ஒரு போலிப் பெட்டி வாங்கி, யாரோ எழுதியதைப் பார்த்துத் தானே மாற்றப் போனான். பழைய எண்களைக் குறித்து வைக்கவில்லை. பாதியில் பேட்டரி இறங்கிவிட்டது. மீட்டர் முழுக்க இருட்டு. வடலூர் சாலையில் வண்டி நின்று, இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்து, கம்பெனி சர்வீஸில் வாரண்டி கிடையாது என்று கையை விரித்து, ஒரு மாதச் சம்பளம் போயிற்று. செய்கிறவர்கள் முதலில் இருந்தபடி அப்படியே சேமித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். செய்முறைத் தேர்வில் சொன்னதுதான்: முதல் அளவீட்டை எழுதாமல் இரண்டாவதைத் தொடாதே.

இனி, இந்தப் பதிவை எழுத உண்மையான காரணம்.

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள் பீப்பைத் திரும்பப் போட வேண்டும். பெங்களூர்க்காரன் ஊருக்குப் போய்விட்டான். கடலூர் சாலையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் என் இன்னொரு மாணவனிடம் போனேன். பத்தாம் வகுப்போடு நின்றவன். அப்பா இறந்ததும் லாரி பட்டறைக்குப் போனான். படிப்பில் சுமார்தான், ஆனால் அம்பாசடர் காலத்தில் கார்புரேட்டர் சத்தத்தைக் காதால் கேட்டே எந்த ஜெட் அடைத்திருக்கிறது என்று சொல்வான். நெய்வேலியிலிருந்து அதிகாரிகள் வண்டியை அவனிடம் கொண்டுவருவார்கள்.

ஒர்க் ஷாப்பில் இரண்டே வண்டி நின்றது. "இதைத் திறக்கிற பெட்டி என்கிட்ட இல்லை சார்" என்றான். "இப்ப வர்ற வண்டியில பாதிய கையில வாங்கவே முடியலை. என்ஜின் விளக்கு எரியுதுன்னு வர்றாங்க. அந்த விளக்கு என்ன சொல்லுதுன்னு படிக்கவே கம்பெனி ஸ்கேனர் வேணும். படிச்சாலும், புது பாகத்தை மாட்டினா அதை வண்டிக்கு அறிமுகப்படுத்த ஒரு பாஸ்வேர்டு. கை இருக்கு சார், காது இருக்கு. வண்டி என்கிட்ட பேச மாட்டேங்குது."

இது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நாங்கள் திண்ணையில் சுளை தின்றுகொண்டு பொழுதுபோக்காகத் திறந்தோமே, அதே வாசல் ஒருவனுக்குச் சோறு.

தேடிப் படித்தேன். இந்த வழக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார்: கார் கம்பெனிகள் உதிரிபாகத்தையும், பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன என்று. 2014 ஆகஸ்ட் 25-ல் தீர்ப்பு. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம். கருவிகளையும் கையேடுகளையும் வெளிச் சந்தைக்குத் தர வேண்டும் என்று உத்தரவு. பிறகு மேல்முறையீடு, தடை என்று போயிற்று. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு குழு போட்டு, விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் நான்கையும் அதில் சேர்த்தது. ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். என் மாணவனிடம் கேட்டேன். "அப்படியா சார்?" என்றான். அவன் பட்டறை வரை எதுவும் வந்து சேரவில்லை.

கம்பெனிகள் சொல்லும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வாசலைத் திறந்து வைத்தால் திருடன் வருவான் என்கிறார்கள். பொய் இல்லை. 2015-ல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இருவர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டியை வீட்டில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஓட்டியவர் இவர்களுக்குத் தெரிந்த பத்திரிகையாளர்தான், சம்மதித்தவர்தான். ஆனாலும் நெடுஞ்சாலையில் வண்டி வேகம் இழந்தது. 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். அதன் பிறகுதான் பூட்டுகள் கனத்தன. 2022 முதல் ஐரோப்பாவில் புதிய மாடல்களுக்கு இணையப் பாதுகாப்பு விதியே வந்துவிட்டது.

ஆனால் மில்லரும் வலாசெக்கும் நோண்டாமல் இருந்திருந்தால் அந்த ஓட்டை இருப்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? அதே 2015-ல்தான் ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடியும் வெளிவந்தது. சோதனைச் சாலையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு, வெளியே போனதும் நச்சுப் புகை விடும்படி மென்பொருள். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அதை முதலில் அளந்து பார்த்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு. புகைக்குழாயில் கருவியை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம், நம்மவர். மோசடி வெளிவந்த பிறகு, அந்த மென்பொருள் எப்படி ஏமாற்றியது என்பதை ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஜெர்மானியர், தன் சொந்த ஃபோக்ஸ்வாகன் காரின் நிரலைப் பிரித்துப் படித்து, 2015 டிசம்பரில் ஹாம்பர்கில் எல்லோர் முன்னும் விளக்கினார். வேலைக்காக இல்லை, தன் கார் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள. பூட்டு கெட்டியாக இருந்தால் கள்ளன் வெளியே நிற்பான் என்கிறார்கள். இங்கே கள்ளன் உள்ளே அல்லவா இருந்தான்!

ஆகவே மாப்பிள்ளையிடம் மறுபடி ஃபோனில் சொன்னேன். பூட்டு இருக்கட்டும், ஆனால் ஒரு சாவி வண்டிக்குச் சொந்தக்காரன் கையிலும், அவன் நம்பிக் கொடுக்கும் மெக்கானிக் கையிலும் இருக்க வேண்டும். யார் திறந்தார்கள் என்று பதிவாகட்டும். தப்பாகத் திறந்தால் தண்டிக்கட்டும். வீட்டுக்குச் சாவி அப்படித்தானே. "மாமா, இதை எங்க எம்.டி.கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்று சிரித்தார். கூப்பிட்டால் போவேன்.

பீப் இப்போது திரும்ப வந்துவிட்டது. பெங்களூர்க்காரன் போன வாரம் அதற்காகவே வந்து போட்டுக் கொடுத்தான். அப்போது அவனைக் கடலூர் சாலைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். இருவரும் முன்பின் பார்த்ததில்லை, சில வருட இடைவெளியில் படித்தவர்கள். ஒருவனுக்கு நிரல் தெரியும், மற்றவனுக்கு என்ஜின் தெரியும். பெட்டியைச் செருகி, எழுத்துகள் ஓடுவதை இவன் படிக்க, "அப்ப அது சென்சார் இல்ல, கம்பியில உப்பு பூத்திருக்கும், கடல் காத்து" என்று அவன் சொல்ல, பானட்டைத் திறந்து பார்த்தால் உப்புதான். இரவு எட்டு மணி வரை இருவரும் நகரவில்லை. நான் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்தேன்.

1998 செட் பிள்ளைகள் வரும் மாதம் கூடும்போது எனக்குப் பொன்னாடை, கேடயம், மோதிரம் என்று ஏதோ பேசிக்கொள்கிறீர்கள் என்று காதில் விழுந்தது. வேண்டாம். வீட்டில் பொன்னாடை வைக்க இடமில்லை, மனைவி அதில் ஜன்னல் திரை தைத்தாயிற்று. எல்லாக் கம்பெனி வண்டியையும் படிக்கும் நல்ல ஸ்கேனர் ஒன்று என்ன விலை என்று பெங்களூர்க்காரன் விசாரித்து எழுதியிருக்கிறான். உள்பெட்டியில் கேட்டால் அனுப்புகிறேன். அதை வாங்கிக் கடலூர் சாலைக்காரன் கையில் கொடுங்கள். அவனும் உங்கள் செட்தான், பத்தாம் வகுப்பு வரை. கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரம். நினைவிருக்கிறதா?